ராத்திரி லாரிக்கு மட்டும் பூஜ்யம் காட்டிய எடை மேடை: கும்பகோணத்து லினக்ஸ் சர்வீஸ் எப்படி?

கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், வீட்டு மாடியில் உட்கார்ந்து லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) சர்வர் வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். பெயரும் போன் எண்ணும் போட வேண்டாம், கையில் இருக்கிற வேலைக்கே நேரம் சரியாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். அதனால் நாங்கள் கூப்பிடுகிற மாதிரி மேடம் என்றே எழுதுகிறேன். ஐப்பசியில் ஆரம்பித்து தை வரை எங்கள் ஆலையைப் படாத பாடு படுத்திய ஒரு கோளாறை அவர் ஒரே ராத்திரியில் கண்டுபிடித்தார், அதுவும் ஒரு பொருளைக்கூட மாற்றச் சொல்லாமல். எடை மேடையைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து வைத்திருக்கிற மற்ற ஆலைக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் அரிசி ஆலை நீடாமங்கலம் பக்கம். வாசலில் எடை மேடை, அதன் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதில் எடையைக் காட்டும் இண்டிகேட்டர். இண்டிகேட்டரிலிருந்து ஒரு சீரியல் கேபிள் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டியில் இரண்டு புரோகிராம். ஒன்று மிஷின் ஆன் ஆனதும் தானாக ஓட ஆரம்பித்து, கேபிளில் வரும் எடையை விடாமல் படித்து மெமரியில் ஓர் இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். இன்னொன்று பில் போடுகிற புரோகிராம். லாரி மேடையில் ஏறி நின்றதும் அதே இடத்தைப் பார்த்து எடையை எடுத்துக்கொள்ளும். இப்படி இரண்டு புரோகிராம் ஒரே மெமரியைப் பங்கு போட்டுக்கொள்வதற்குத்தான் ஷேர்டு மெமரி என்று பெயர், அந்த இடத்தைக் கொடுப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கேபிள் வழியாக நேராகத் திரைக்கு வருகிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

பழைய பெட்டி பத்து வருஷத்துக்கு மேல் ஓடிக் களைத்துவிட்டது. தீபாவளி சமயத்தில் புதுப் பெட்டி வாங்கி, புது லினக்ஸ் போட்டு, பழைய புரோகிராம்களை அப்படியே அதில் ஏற்றினோம். அன்றிலிருந்து பிரச்சினை. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி வருகிற லாரிக்கு மட்டும், சில நாள், பில் திரையில் எடை பூஜ்யம். இண்டிகேட்டரில் சிவப்பு எழுத்தில் 12,480 கிலோ என்று நிற்கும், கையெட்டும் தூரத்தில் இருக்கிற திரையில் 0 என்று நிற்கும். மிஷினை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். மறுநாள் ராத்திரி வரலாம், வராமலும் இருக்கலாம்.

தை மாசம் சம்பா அறுப்பு எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட் மிஷின் இருட்டுகிற வரை வயலில் ஓடும், நெல் ஏறி வண்டி கிளம்பும்போதே ஏழு எட்டு ஆகிவிடும். வாசலில் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்க முடியாது. எடை போடுகிற பையன் இண்டிகேட்டரைப் பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தான். அப்படி ஒரு ராத்திரி, கோவில்வெண்ணி பக்கத்து விவசாயி ஒருவருக்கு வெறும் வண்டி எடையை எழுதும்போது இரண்டு இலக்கம் இடம் மாறி, நெல் 270 கிலோ குறைவாகக் கணக்காகிவிட்டது. மறுநாள் காலையில் அவர் வந்தார். சத்தம் போடவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, "முப்பது வருஷமா உங்க ஆலைக்குத்தான் போடறேன்" என்று மட்டும் சொன்னார். அப்பா உடனே பணத்தைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எடையில் சந்தேகம் வந்துவிட்டால் ஆலைக்கு வேறு என்ன மிச்சம்?

மேடத்துக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஊர், பெயர் வேண்டாம். முதலில் வந்தவர் கேபிளை மாற்றினார், ராம் பற்றவில்லை என்று 8 ஜிபியை 16 ஆக்கினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாவது நாள் மறுபடியும் பூஜ்யம். இரண்டாவது ஆள் ஷேர்டு மெமரி என்கிற வார்த்தையையாவது சொன்னார். கெர்னலில் அதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கிறது, எஸ்ஹெச்எம்மேக்ஸ் என்று பெயர், அதைக் கூட்டினால் சரியாகும் என்று சொல்லி, போனில் சேமித்து வைத்திருந்த ஏதோ பழைய குறிப்பைப் பார்த்து 33554432 என்று ஓர் எண்ணை எழுதிவிட்டு 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பிரச்சினை அப்படியே இருந்தது. இந்த எண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

மேடத்தின் எண் கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் உறவினர் மூலம் கிடைத்தது. கூப்பிட்டு நான்கு நாள் கழித்துத்தான் வந்தார். அறுப்பு நேரத்தில் நான்கு நாள் என்பது பெரிய விஷயம், அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் வருவதற்கு முன்பே போனில் ஒரு வேலை கொடுத்தார்: பூஜ்யம் வந்த ராத்திரி, வராத ராத்திரி இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள், அன்று யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், போனார்கள் என்பதையும் எழுதுங்கள், மிஷினில் கை வைக்காதீர்கள். முன்பு வந்த இரண்டு பேரும் வந்ததும் பெட்டியைத்தான் திறந்தார்கள். இவர் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

அந்தக் குறிப்புதான் பாதி வேலையை முடித்தது. வலங்கைமான் வழியாக ஸ்கூட்டரில் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து இறங்கியவர், முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கிப் படித்தார். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏம்மா, பையன் சீக்கிரம் வர்ற நாள்ல இந்தத் தொந்தரவே இல்ல, கவனிச்சியா?" என்றார். எங்கள் கணக்குப்பிள்ளை ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்புவார். ராத்திரி எடை போடுகிற பையன் சில நாள் ஆறரைக்கு வருவான், சில நாள் ஏழரை ஆகும். கணக்குப்பிள்ளை இருக்கும்போதே பையன் வந்து லாகின் செய்த நாளில் எல்லாம் எடை சரியாக வந்திருந்தது. அவர் லாகவுட் செய்து போன பிறகு பையன் வந்த நாளில் எல்லாம் பூஜ்யம். ராத்திரி வேலை முடிந்ததும் மிஷினை ஆஃப் செய்துவிடுவோம், காலையில் கணக்குப்பிள்ளைதான் ஆன் செய்வார், அதனால் பகலில் எப்போதும் சரி. தாளில் இது பட்டவர்த்தனமாக இருந்தது. மேடம் அப்பாவைப் பார்த்து, "ஐயா, நீங்க சொன்னதுதான் விஷயம்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை, கண் முன்னால் நடத்திக் காட்டினார். லினக்ஸில் ஷேர்டு மெமரிக்கு ஒரு வழி, /டெவ்/எஸ்ஹெச்எம் என்கிற இடத்தில் ஃபைல் மாதிரி ஒரு பெயரோடு உருவாக்குவது. அது ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, முழுக்க ராமில் இருக்கிறது. அந்த இடத்தைத் திரையில் திறந்து வைத்தார். எங்கள் புரோகிராம் உருவாக்கிய ஃபைல் ஒன்றே ஒன்று இருந்தது, முன்னால் ஒரு எண்ணோடு. ஐநோடு எண் என்று பெயர், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஃபைல் வேறானால் இந்த எண் மாறும், இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார், எழுதிக்கொண்டேன். கணக்குப்பிள்ளையை லாகவுட் செய்யச் சொன்னார். நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்தபடி நிற்கிறோம். சுமார் பத்து விநாடி. ஃபைல் காணாமல் போய்விட்டது. யாரும் கை வைக்கவில்லை.

அப்புறம் எடையைப் படிக்கிற புரோகிராம் எந்தெந்த மெமரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கெர்னலிடமே கேட்டார். அதே பெயர், அதே எண், வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் டெலிடட், அதாவது அழிக்கப்பட்டது, என்ற ஒரு வார்த்தை. பையனை லாகின் செய்து பில் புரோகிராமைத் திறக்கச் சொன்னார். ஃபைல் திரும்ப வந்தது. பெயர் அதேதான், எண் வேறு. பில் திரையில் 0.

அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. எடை அறைச் சுவரில் கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்துக் கரும்பலகை ஒன்று இன்னும் தொங்குகிறது, அதைக் காட்டி அப்பாவுக்கு விளக்கினார். உங்கள் ஆள் பலகையில் எடை எழுதிக்கொண்டே இருக்கிறார். யாரோ வந்து பலகையைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள், ஆனால் அது அவர் கையில்தான் இருக்கிறது, அவர் கையை விடாத வரை கெர்னல் அதைப் பிடுங்காது, அதனால் அவருக்கு எதுவும் தெரியாது, எழுதிக்கொண்டே இருக்கிறார். புதிதாக வந்த ஆள் சுவரைப் பார்க்கிறார், பலகை இல்லை. இல்லாவிட்டால் புதுசு மாட்டிக்கொள் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறது. புதுப் பலகையை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் யாரும் எழுதவில்லை. பூஜ்யம் வந்ததுகூடக் காரணத்தோடுதான்: புதிதாகக் கேட்கிறவருக்குக் கெர்னல் மெமரியைப் பூஜ்யத்தால் நிரப்பித்தான் கொடுக்கும், முன்பு வைத்திருந்தவருடைய தகவல் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. கேபிள் கோளாறாக இருந்திருந்தால் பழைய எடை அப்படியே உறைந்து நின்றிருக்கும், பூஜ்யம் என்றதுமே புது மெமரியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன் என்றார். மூன்று மாதம் நாங்கள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த 0 ஒரு தடயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, கழற்றியது யார்? கெர்னல் இல்லை. லினக்ஸில் சர்வீஸ்களை ஆரம்பித்து நிர்வகிக்கிற சிஸ்டம்டி என்கிற அமைப்பில் யார் லாகின் செய்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்துக்கொள்ளும் லாகின்டி என்கிற பகுதி. அதில் ரிமூவ்ஐபிசி என்று ஒரு செட்டிங் உண்டு. ஒரு பயனரின் கடைசி லாகின் முடிந்ததும், அவர் பெயரில் இருக்கிற ஷேர்டு மெமரி, செமஃபோர் (புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று முறை வைத்து வழிவிட உதவும் குறி) எல்லாவற்றையும் துடைத்துவிடும், சும்மா கிடந்து ராமை அடைக்க வேண்டாம் என்று. 2014இல் வந்தது. மூல சிஸ்டம்டியில் இது ஆன் ஆகவே இருக்கும், சில லினக்ஸ் வகைகள் மட்டும் ஆஃப் செய்து கொடுக்கின்றன. எங்கள் பழைய பெட்டியில் இருந்தது அதற்கு முந்தைய லினக்ஸ், புதுப் பெட்டியில் இது ஆன். எடை படிக்கிற புரோகிராம், கணக்குப்பிள்ளை, பையன் மூன்றுக்கும் ஒரே பயனர் பெயர். கணக்குப்பிள்ளை போனதும் அந்தப் பயனரே போய்விட்டார் என்று லாகின்டி நினைத்துக்கொள்கிறது. பின்னால் ஓடுகிற சர்வீஸை அது லாகினாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இது எங்களுக்கு மட்டும் வந்த விசித்திரம் இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கையேட்டிலேயே இந்த செட்டிங்கைப் பற்றி எச்சரித்து ஒரு பகுதி இருக்கிறது, மேடம் திறந்து காட்டினார். டேட்டாபேஸைச் சாதாரணப் பயனர் பெயரில் ஓட்டினால், யாராவது அந்தப் பெயரில் உள்ளே வந்து வெளியே போனதும் அதன் ஷேர்டு மெமரி அழிந்து டேட்டாபேஸில் பிழைகள் வரும். சிஸ்டம் பயனர் என்று தனியாக ஒரு வகை உண்டு, வழக்கமாக 1000க்குக் கீழே எண் உள்ளவர்கள், அவர்களுடையதை லாகின்டி தொடாது.

இப்போது சரி செய்த விதம். வெறுமனே அந்த செட்டிங்கை நோ என்று மாற்றிவிட்டுப் போயிருந்தாலே அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கும், ஐந்து நிமிஷ வேலை. அவர் அதைச் செய்தார், ஆனால் அதோடு நிற்கவில்லை. நாளைக்கு வேறு பெட்டி வாங்கினால் இதே கதைதான் என்று சொல்லி, எடை புரோகிராமுக்குத் தனியாக ஒரு சிஸ்டம் பயனரை உருவாக்கினார், யாரும் அந்தப் பெயரில் லாகின் செய்ய முடியாது. கணக்குப்பிள்ளைக்கும் பையனுக்கும் தனித்தனிப் பெயர், பில் புரோகிராமுக்கு அந்த மெமரியைப் படிக்க மட்டும் அனுமதி, எழுத இல்லை. அதற்குப் பிறகு புரோகிராமுக்குள்ளேயே கை வைத்தார். எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், நல்ல காலமாக சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய மூல நிரல் பெட்டியிலேயே கிடந்தது.

அதில் அவர் செய்த மாற்றங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. பில் புரோகிராமில் "இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்" என்பதை எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், அதுவாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு 0 காட்டக் கூடாது. எடை எழுதுகிற புரோகிராம் அவ்வப்போது, தான் பிடித்திருக்கும் ஃபைலுக்கு இன்னும் பெயர் இருக்கிறதா என்று கெர்னலைக் கேட்டுக்கொள்ளும், பெயர்களின் எண்ணிக்கை பூஜ்யம் என்று பதில் வந்தால் தானே திரும்ப உருவாக்கும். எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதும், மூன்று விநாடிக்கு மேல் பழையதாக இருந்தால் திரையில் எண்ணே வராது, சிவப்பில் "எடை வரவில்லை" என்று தமிழில் வரும். தமிழில் வர வேண்டும் என்று கேட்டது அப்பா.

இதைச் செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு ஓட்டையும் அவர் கண்ணில் பட்டது, நாங்கள் புகார் சொல்லாதது. மெமரியில் எடை ஓர் இடத்தில், எடை நிலையாக நிற்கிறதா என்ற குறி இன்னோர் இடத்தில். எழுதுகிற புரோகிராம் முதலில் ஒன்றை மாற்றி அப்புறம் மற்றதை மாற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே பில் புரோகிராம் எட்டிப் பார்த்தால், லாரி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே பழைய "நிலையானது" குறியோடு புது எடையை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அப்படி நடந்ததா என்று தெரியாது, ஆனால் நடக்கலாம் என்பதே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதற்கு எண்ணிக்கொண்டே போகிற ஒரு கவுண்டர் வைத்தார். எழுத ஆரம்பிக்கும்போது ஒன்று கூடும், முடிக்கும்போது ஒன்று கூடும். படிக்கிறவர் முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும், ஒற்றைப்படையாக இருந்தாலோ இரண்டு தடவையும் ஒன்றாக இல்லாவிட்டாலோ திரும்பப் படிக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலே நேரத்தைச் சொல்வதற்கு இந்த முறையைத்தான் வைத்திருக்கிறதாம், சீக்லாக் என்று பெயர். பிராசசர் தன் வசதிக்கு வரிசையை மாற்றி எழுதிவிடாமல் இருக்க நடுவில் தடுப்பும் போட வேண்டும், அதை விட்டுவிட்டால் கவுண்டர் வைத்தும் பிரயோசனம் இல்லை என்றார்.

அந்த 33554432க்கு வருகிறேன். அது 32 எம்பி. ஒரு காலத்தில் லினக்ஸில் ஒரு ஷேர்டு மெமரித் துண்டின் உச்சவரம்பே அவ்வளவுதான், அதனால் டேட்டாபேஸ் போடுகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைக் கூட்ட வேண்டியிருந்தது, பழைய குறிப்புகள் எல்லாம் அதைத்தான் சொல்லும். 2014இல் 3.16 கெர்னலில் அந்த வரம்பை நடைமுறையில் இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஏற்றிவிட்டார்கள். ஆகவே புது மிஷினில் அந்த எண்ணை எழுதியது கூட்டுவதாக நினைத்துக் குறைத்தது. இன்னொன்று, அந்த வரம்பு சிஸ்டம் ஃபைவ் என்கிற பழைய வகை ஷேர்டு மெமரிக்கு மட்டும்தான், எங்கள் புரோகிராம் வைத்திருந்த வகைக்குச் சம்பந்தமே இல்லை. மேடம் அந்த வரியை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று தேதியோடு ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்.

குறைகளும் சொல்ல வேண்டும். நான்கு நாள் காத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். மாலை ஆறு முதல் எட்டு வரை போன் எடுக்க மாட்டார், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிற நேரம், அது நியாயம்தான், ஆனால் எங்களுக்குத் தொந்தரவு வருகிற நேரமும் அதுதான். செய்த வேலையை எல்லாம் நான்கு பக்கத்துக்கு அழகாக எழுதிக் கொடுத்தார், அத்தனையும் ஆங்கிலத்தில். நேரில் அவ்வளவு தெளிவாகத் தமிழில் விளக்கியவர் தாளிலும் தமிழில் கொடுத்திருந்தால் கணக்குப்பிள்ளையே படித்துக்கொண்டிருப்பார், நான் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ரசீது கேட்டதும் கொடுத்தார்.

கட்டணம் இரண்டு நாள் வருகைக்கும் புரோகிராம் மாற்றத்துக்கும் சேர்த்து 6,000 ரூபாய். முதல் ராத்திரி பதினொன்றரை வரை இருந்தார், இரண்டாவது தடவை ஒரு வாரம் கழித்து வந்து, வேண்டுமென்றே லாகவுட் செய்து, கேபிளைப் பிடுங்கி, எடை புரோகிராமைப் பாதியில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் திரை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். கேபிளைப் பிடுங்கியதும் மூன்று விநாடியில் சிவப்பு எழுத்து வந்தது. அப்பா அதை இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். 5க்கு 4 கொடுக்கிறேன், அந்த ஒன்று காத்திருந்த நாட்களுக்காக.

உங்கள் பெட்டியிலும் இது இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். வண்டி இல்லாத நேரத்தில் எல்லோரும் லாகவுட் செய்யுங்கள், ஒரு நிமிஷம் விட்டுத் திரும்ப உள்ளே வாருங்கள், மேடையில் யாரையாவது ஏறி நிற்கச் சொல்லுங்கள். எடை வந்தால் நல்லது. பூஜ்யம் வந்தால் ராம் வாங்க ஓடாதீர்கள், புரோகிராம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்று முதலில் கேளுங்கள்.

மாசி பிறந்து பத்து நாள் ஆகிறது, ராத்திரி வண்டிக்கு நோட்டில் எழுதுகிற வேலை இல்லை. கோவில்வெண்ணிக்காரர் போன வாரம் மறுபடியும் நெல் போட்டார். சீட்டை வாங்கி, இண்டிகேட்டரை ஒரு தடவை, திரையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேடத்தின் எண் வேண்டும் என்கிறவர்கள் ஆலைக்கு நேரில் வாருங்கள், அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன்.